பந்தை நடுவரிடம் கொடுத்துவிட்டு

மிச்சிகனுக்கு நான் வேலைக்குப் போய்ச் சேர்ந்தது 2008 செப்டம்பரில். டெட்ராய்ட்டுக்கு வடக்கே ட்ராய் என்ற ஊரில் வீடு, கார் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் வேலை. போன நேரம் அப்படி. கார் கம்பெனிகள் அரசாங்கத்திடம் கையேந்திக்கொண்டிருந்தன. அலுவலகத்தில் வாரத்துக்கு ஒரு மேசை காலியானது. போதாக்குறைக்கு, அந்த ஊர் அமெரிக்கக் கால்பந்து (கையில் பந்தோடு ஓடுகிற ஆட்டம்) அணியான டெட்ராய்ட் லயன்ஸ் அந்தப் பருவத்தின் 16 ஆட்டங்களிலும் தோற்றது. அந்த ஆட்டத்தின் தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல். வரலாற்றில் 16க்கு 16 தோற்ற முதல் அணி அதுதான். திங்கட்கிழமை காபி மெஷின் பக்கத்தில் நிற்பவர்கள் முகத்தைப் பார்த்தாலே முந்தின நாள் ஆட்டம் தெரிந்துவிடும்.

அந்த நவம்பரில், தேங்க்ஸ்கிவிங் அன்று, என்னோடு வேலை பார்த்த ஒரு பெரியவர் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டார். ஓய்வு பெற இரண்டு மூன்று வருஷம் இருந்தவர். தேங்க்ஸ்கிவிங் அன்று லயன்ஸ் ஆடுவது 1934இல் தொடங்கிய வழக்கம். நம் வீடுகளில் பொங்கலன்று டிவியில் பட்டிமன்றம் ஓடுகிற மாதிரி, அங்கே வான்கோழியும் லயன்ஸும். அன்று டென்னசி டைட்டன்ஸிடம் 47-10 என்று அடி வாங்கினார்கள். பாதி ஆட்டத்திலேயே பெரியவர் எழுந்து டிவியை அணைத்தார். அலமாரியிலிருந்து ஒரு விஎச்எஸ் கேசட்டை எடுத்து வந்தார். மேலே பேனாவால் '1997' என்று எழுதியிருந்தது. பக்கத்தில் எதுவும் எழுதாத இன்னொரு கேசட்டும் இருந்தது. அதை அவர் தொடவில்லை.

"கால்பந்து என்றால் என்ன என்று உனக்கு யாரும் காட்டவே இல்லை, பாவம்" என்றார். 1989 முதல் 1998 வரை லயன்ஸுக்கு ஆடிய பேரி சாண்டர்ஸை நான் அன்றுதான் பார்த்தேன்.

அந்த ஆட்டம் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. பந்து கையில் இருக்கும் அணிக்கு நான்கு வாய்ப்பு. அதற்குள் 10 யார்டு முன்னேற வேண்டும். முன்னேறினால் மறுபடி நான்கு வாய்ப்பு. இல்லாவிட்டால் பந்து எதிரணிக்கு. ஒரு யார்டு என்பது மூன்றடி, பழைய துணிக்கடைக் கணக்கில் ஒரு கஜம். ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் ஒன்று பந்தை எறிவார், இல்லையென்றால் பின்னால் நிற்பவர் வயிற்றில் வைத்து அழுத்துவார். அப்படி வாங்கிக்கொண்டு ஓடுகிறவர்தான் ரன்னிங் பேக். எதிரே 11 பேர், அதில் பாதிப் பேர் நூற்று இருபது நூற்று முப்பது கிலோ. கபடியில் பாடிப் போகிறவனுக்காவது திரும்பி ஓட நம் பக்கம் என்று ஒன்று இருக்கிறது. இங்கே அதுவும் இல்லை. போக வேண்டியது அவர்கள் நிற்கும் திசையில். மூன்று நான்கு விநாடியில் எல்லாம் முடிந்து மண்ணில் கிடப்பார், எழுந்து வந்து அடுத்ததற்கு நிற்பார். ஒரு ஆட்டத்தில் இருபது தடவை. ஒரு தடவைக்குச் சராசரியாக நான்கு யார்டு எடுத்தால் நல்ல ஆட்டக்காரர்.

சாண்டர்ஸின் சராசரி 5.0. பத்து வருஷம், 3,062 ஓட்டம், 15,269 யார்டு. கிலோமீட்டரில் சொன்னால் கிட்டத்தட்ட 14. பத்து வருஷத்தில் பதினான்கு கிலோமீட்டர் என்றால் சிரிப்பாக இருக்கும். வழியில் நிற்பவர்களை நினைத்துக்கொண்டால் சிரிப்பு நின்றுவிடும்.

ஆள் உயரம் ஐந்தடி எட்டு அங்குலம். ஒல்லி இல்லை, 90 கிலோவுக்கு மேல். தொடை இரண்டும் மரத்தூண். உடம்பின் கனமெல்லாம் இடுப்புக்குக் கீழே என்பதால் முழு வேகத்தில் போய்க்கொண்டே நிற்பார், நின்ற இடத்திலிருந்து பக்கவாட்டில் பாய்வார், மறுபடி முழு வேகம். பிடிக்க வந்தவர் காற்றைக் கட்டிக்கொண்டு விழுவார். கேசட்டில் ஒரு இடத்தில் மூன்று பேர் அவரை வளைத்துவிட்டார்கள். நான் பார்த்துக்கொண்டே இருக்கும்போது மூன்று பேர் மட்டும் இருந்தார்கள். பெரியவர் அதை நான்கு தடவை போட்டுக் காட்டினார். எனக்கு நான்கு தடவையும் அவர் வெளியே வந்த வழி புரியவில்லை.

இந்தப் பாணிக்கு ஒரு விலை உண்டு. மற்ற ரன்னிங் பேக்குகள் வழி இல்லையென்றால் தலையைக் குனிந்துகொண்டு முட்டி இரண்டு யார்டு சம்பாதித்துக்கொள்வார்கள். சாண்டர்ஸ் அப்படி முட்ட மாட்டார். வழி இல்லையா, பின்னால் போய்ச் சுற்றிக்கொண்டு வேறு வழி தேடுவார். கிடைத்தால் ஐம்பது யார்டு, கிடைக்காவிட்டால் ஐந்து யார்டு நஷ்டம். எதிரணியின் கடைசிக் கோட்டுக்கு இரண்டு யார்டு இருக்கும்போது அவரை வெளியே உட்காரவைத்துவிட்டு, முட்டுகிற ஆள் ஒருவரைப் பயிற்சியாளர்கள் உள்ளே அனுப்பியதும் உண்டு. அப்படியும் ஓடி எடுத்த டச்டவுன், அதாவது பந்தோடு அந்தக் கோட்டைத் தாண்டியது, 99. நூறுக்கு ஒன்று குறைவு. இவர் கணக்கைப் பார்க்கும்போதெல்லாம் இப்படி ஏதோ ஒன்று குறைந்தே நிற்கும். அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

கான்சாஸ் மாநிலத்தின் விச்சிட்டா நகரத்தில் 1968 ஜூலையில் பிறந்தவர். வீட்டில் மொத்தம் 11 பிள்ளைகள். அப்பா வில்லியம் சாண்டர்ஸ் தச்சுவேலையும் கூரைவேலையும் செய்தவர். கோடை விடுமுறையில் பையன்களும் கூரைமேல் ஏற வேண்டும். அப்பாவுக்கு வாயும் பெரிது, கருத்தும் பெரிது. உலகத்தில் ஒரே ஒரு ரன்னிங் பேக்தான் உண்டு, அது 1957 முதல் 1965 வரை கிளீவ்லாந்துக்கு ஆடிய ஜிம் பிரவுன் என்பது அவர் கட்சி. மகன் எத்தனை ஓடினாலும் அந்தக் கட்சி மாறவில்லை.

பள்ளியில் பேரிக்கு அண்ணன் பைரனின் நிழல். கடைசி வருஷத்தில், அதுவும் நான்காவது ஆட்டத்தில்தான், டெயில்பேக், அதாவது ரன்னிங் பேக், இடம் கிடைத்தது. அந்தக் கொஞ்ச ஆட்டங்களிலேயே 1,417 யார்டு ஓடினார். இருந்தும் குள்ளம் என்று பெரிய கல்லூரிகள் திரும்பிப் பார்க்கவில்லை. ஓக்லஹோமா ஸ்டேட் சேர்த்துக்கொண்டது. அங்கே போனால் முன்னால் தர்மன் தாமஸ். பின்னாளில் ஹால் ஆஃப் ஃபேம் என்ற மேதைகள் பட்டியலுக்குப் போன ஆள். ஆகவே இரண்டு வருஷம் மறுபடி நிழல். தாமஸ் 1988இல் என்.எஃப்.எல்.லுக்குப் போனதும் இடம் காலியானது. அந்த ஒரு பருவத்தில் சாண்டர்ஸ் செய்தது, இன்றும் படிக்கும்போது அச்சுப்பிழையோ என்று தோன்றுகிறது: 11 ஆட்டத்தில் 2,628 யார்டு, 37 டச்டவுன். 2024இல் பாய்ஸி ஸ்டேட்டின் ஆஷ்டன் ஜெண்டி 14 ஆட்டம் ஆடி 2,601 வரை வந்து 27 யார்டு குறைவில் நின்றுபோனார். மூன்று ஆட்டம் கூடுதலாக ஆடியும்.

அந்த வருஷத்துக் கடைசி லீக் ஆட்டம் டோக்கியோவில், டெக்சஸ் டெக்குக்கு எதிராக. கல்லூரிக் கால்பந்தின் மிகப் பெரிய விருதான ஹைஸ்மன் அவருக்குத்தான் என்று நியூயார்க்கில் அறிவித்தபோது இவர் ஜப்பானில் இருந்தார். செய்தி வந்தது, பிறகு போய் 332 யார்டு ஓடினார், அணி 45-42 என்று ஜெயித்தது. விருது விழா மேடையில் அவர் இல்லாமல் போனதில் அவருக்கு வருத்தம் இருந்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை. நிம்மதியாகத்தான் இருந்திருப்பார்.

1989 டிராஃப்ட், அதாவது கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்ச்சி. முதலில் ட்ராய் எய்க்மன், இரண்டாவது டோனி மாண்டரிச், மூன்றாவது சாண்டர்ஸ், நான்காவது டெரிக் தாமஸ், ஐந்தாவது டியான் சாண்டர்ஸ். இந்த ஐவரில் நால்வர் ஹால் ஆஃப் ஃபேமில் இருக்கிறார்கள். பேரிக்கு முன்னால், லயன்ஸின் பரம எதிரியான கிரீன் பே எடுத்த மாண்டரிச்தான் விடுபட்டவர். இதைச் சொல்லும்போது மட்டும் பெரியவர் முகத்தில் ஒரு தனி வெளிச்சம் வரும். மிச்சிகன்காரருக்கு கிரீன் பே ஏமாந்தது என்றால் பாயசம்.

சம்பளப் பேச்சு இழுத்து, பருவம் தொடங்கும் நேரத்தில்தான் கையெழுத்துப் போட்டு வந்து சேர்ந்தார். கையெழுத்துப் பணத்தில் பத்தில் ஒரு பங்கை விச்சிட்டாவில் தங்கள் தேவாலயத்துக்குக் கொடுத்தார். சரியாகப் பயிற்சிகூட எடுக்காமல் முதல் ஆட்டத்தில் இறங்கி, முதல் தடவை பந்தைத் தொட்டதும் 18 யார்டு.

இனி ஒரு 10 யார்டின் கதை. 1989 பருவத்தின் கடைசி ஆட்டம், டிசம்பர் 24, அட்லாண்டாவில். லயன்ஸ் ஜெயிக்கப்போவது தெரிந்துவிட்டது. சாண்டர்ஸ் ஏற்கெனவே 158 யார்டு ஓடி வெளியே நிற்கிறார். அந்த வருஷம் லீக்கிலேயே அதிகம் ஓடியவர் கான்சாஸ் சிட்டியின் கிறிஸ்டியன் ஒக்கோயா. நைஜீரியாவிலிருந்து வந்த ராட்சத உருவம். அவர் கணக்கு 1,480, சாண்டர்ஸ் கணக்கு 1,470. பயிற்சியாளர் வேய்ன் ஃபான்ட்ஸ் அருகில் வந்து, இன்னும் பத்து யார்டுதான், உள்ளே போகிறாயா என்று கேட்கிறார். ஜெயித்துவிட்டு வீட்டுக்குப் போகலாம் கோச் என்று முதல் வருஷப் பையன் பதில் சொல்லிவிட்டான். இவருக்குப் பத்து யார்டு என்பது இரண்டு ஓட்டம். அந்த ஒரு பட்டத்துக்காக ஒப்பந்தத்திலேயே தனித் தொகை எழுதி வாங்குகிறவர்கள் இருக்கும் தொழில் அது.

பெரியவர் இதைப் பெருமையாகச் சொன்னார். நான் அப்போது நம்பவில்லை. பிறகு படித்துப் பார்த்தபோது உண்மைதான். பள்ளிக்கூடத்திலும் இதே கதை ஒன்று சொல்கிறார்கள்: ஊர் அளவில் முதலிடம் வர இன்னும் கொஞ்சம் ஓடினால் போதும் என்றபோது, சின்னப் பையன்கள் ஆடட்டும் என்று உட்கார்ந்துகொண்டாராம். ஒரு தடவை என்றால் தற்செயல் என்று விட்டுவிடலாம்.

டச்டவுன் அடித்ததும் அவர் செய்வது இன்னொன்று. மற்றவர்கள் பந்தைத் தரையில் ஓங்கி அடிப்பார்கள், ஆடுவார்கள், கூட்டத்துக்கு எறிவார்கள். எனக்கு அதுவும் பிடிக்கும், குறை சொல்லவில்லை. சாண்டர்ஸ் நடுவரைத் தேடிப் போய்ப் பந்தைக் கையில் கொடுத்துவிட்டு வந்துவிடுவார். கடையில் சில்லறை கொடுத்துவிட்டு வருகிற மாதிரி.

அணி? அதைப் பற்றி என்ன சொல்ல. 1991இல் ஒரே ஒரு நல்ல வருஷம். 12 வெற்றி, 1992 ஜனவரி 5 அன்று டாலஸ் கவ்பாய்ஸை 38-6 என்று, பருவம் முடிந்தபின் நடக்கும் நாக்அவுட் சுற்றான பிளேஆஃப்பில் வீழ்த்தினார்கள். அடுத்த வாரமே வாஷிங்டனிடம் 41-10 என்று தோல்வி. சாண்டர்ஸ் இருந்த பத்து வருஷத்தில் ஆறு பிளேஆஃப் ஆட்டம், ஒரே வெற்றி. அந்த வெற்றிக்கு அடுத்த பிளேஆஃப் வெற்றி 2024 ஜனவரியில்தான் வந்தது. 32 வருஷம். இடையில் நான் போனேன், அந்த 0-16ஐப் பார்த்தேன், திரும்பி வந்தேன்.

1997 கேசட்டுக்கு வருகிறேன். அந்தப் பருவத்தின் முதல் இரண்டு ஆட்டமும் சொதப்பல்: இரண்டிலும் சேர்த்து 53 யார்டு. 29 வயது, அவ்வளவுதான் முடிந்தது என்று பேச்சு கிளம்பியது. ரன்னிங் பேக்குக்கு முப்பது என்பது நம் ஊர்ச் சினிமாவில் கதாநாயகிக்கு முப்பது மாதிரி. அப்புறம் 14 ஆட்டம். ஒவ்வொன்றிலும் நூறுக்கு மேல். அந்த 14இலும் சேர்த்துச் சரியாக 2,000. அக்டோபரில் டாம்ப்பாவில் ஒரே ஆட்டத்தில் 80 யார்டு ஒன்று, 82 யார்டு ஒன்று என்று இரண்டு டச்டவுன். அந்த வருஷத் தேங்க்ஸ்கிவிங்கில் சிகாகோ பேர்ஸுக்கு எதிராக 167 யார்டு, மூன்று டச்டவுன். எரிக் டிக்கர்சனைத் தாண்டி, அதிக யார்டு ஓடியவர்களின் எல்லாக் காலத்துக்குமான பட்டியலில் இரண்டாம் இடம். முன்னால் இருந்தது ஒரே ஒருவர்: சிகாகோவின் வால்ட்டர் பேட்டன், 16,726 யார்டு.

டிசம்பர் 21, பருவத்தின் கடைசி ஆட்டம், பான்டியாக் சில்வர்டோமில் நியூயார்க் ஜெட்ஸோடு. அன்று 184 யார்டு ஓடி, மொத்தம் 2,053. ஒரு பருவத்தில் இரண்டாயிரத்தைத் தொட்ட மூன்றாவது ஆள். கேசட்டில் கூட்டம் ஆர்ப்பரிக்கிறது, ஆட்டத்தை நிறுத்திப் பந்தைக் கொடுக்கிறார்கள். பெரியவர் அந்த இடத்தோடு நிறுத்திவிட்டார். அதே ஆட்டத்தில் நடந்த இன்னொன்றை நான் பிற்பாடுதான் தெரிந்துகொண்டேன். லயன்ஸ் அணியின் இளம் தடுப்பாட்டக்காரர் (லைன்பேக்கர்) ரெஜி பிரவுன் கழுத்தில் அடிபட்டுத் தரையில் விழுந்தார், மூச்சு நின்றுபோனது. மைதானத்திலேயே உயிர்ப்பிக்க வேண்டியிருந்தது. பிழைத்து, பிறகு நடக்கவும் செய்தார். ஆடவில்லை.

சாண்டர்ஸுக்கு இது முதல் தடவை அல்ல. 1991 நவம்பரில், அவருக்கு முன்னால் நின்று வழி உண்டாக்கும் லைன்மேன்களில் ஒருவரான மைக் அட்லி அதே மைதானத்தில் விழுந்து முடங்கிப்போனார். ஸ்ட்ரெச்சரில் தூக்கிக்கொண்டு போகும்போது கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். அணி அந்தப் பருவத்தின் மிச்சம் முழுக்க அந்த விரலை வைத்துக்கொண்டுதான் ஓடியது. அடுத்த கோடையில் இன்னொரு லைன்மேன் எரிக் ஆண்டல்செக் தன் வீட்டு முற்றத்தில் வேலை செய்துகொண்டிருக்கும்போது சாலையிலிருந்து விலகி வந்த லாரி மோதி இறந்தார். மிச்சம் இருந்த பழைய கூட்டாளி, அந்த வரிசையின் நடுவில் சென்டர் ஆடிய கெவின் குளோவர். அவரையும் 1998க்கு முன்னால் சம்பளக் கணக்குக்காக அணி விட்டுவிட்டது, சியாட்டில் எடுத்துக்கொண்டது. அந்த வருஷம் லயன்ஸுக்கு 5 வெற்றி, 11 தோல்வி. கடைசி ஆட்டம் பால்டிமோரில், சாண்டர்ஸ் ஓடியது 41 யார்டு.

இவ்வளவையும் வரிசையாக எழுதிவிட்டு "ஆகவே அவர் விலகினார்" என்று முடிப்பது எனக்குச் சுலபம். ஆனால் ஒரு மனிதன் எதனால் எழுந்து போனான் என்பதை வெளியிலிருந்து கூட்டல் போட்டுச் சொல்ல முடியாது. என்ன நடந்தது என்று மட்டும் சொல்கிறேன்.

பேட்டனின் கணக்குக்கு மிச்சம் 1,457 யார்டு. 1998இல், சோர்ந்துபோன வருஷத்தில்கூட, சாண்டர்ஸ் ஓடியது 1,491. ஆக இன்னொரு சுமாரான பருவம் போதும். 1999 ஜூலை கடைசி வாரம், பயிற்சி முகாம் தொடங்கும் நேரம், விச்சிட்டாவில் அவர் சொந்த ஊர்ப் பத்திரிகையான 'விச்சிட்டா ஈகிள்' அலுவலகத்துக்கு ஒரு ஃபேக்ஸ் வந்தது. விலகுகிறேன் என்று. காரணம் எளிது, ஆட்டத்தில் இருக்க வேண்டும் என்ற ஆசையைவிட வெளியேற வேண்டும் என்ற ஆசை பெரிதாகிவிட்டது என்று எழுதியிருந்தார். செய்தியாளர் கூட்டம் இல்லை, கண்ணீர் இல்லை. கேமராக்கள் அவரைத் தேடியபோது ஆள் லண்டனில்.

"ஃபேக்ஸ்!" என்றார் பெரியவர். பத்து வருஷம் கழித்தும் அந்தச் சொல்லை ஒரு கெட்ட வார்த்தை மாதிரித்தான் சொன்னார். "அதுவும் எங்களுக்கு இல்லை. கான்சாஸ் பேப்பருக்கு."

அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது என்றுதான் நினைக்கிறேன். விலகும் எண்ணம் பருவம் முடிந்த கொஞ்ச நாளிலேயே வந்துவிட்டதாக அந்தக் கடிதத்திலேயே சொல்கிறார். சொல்லியிருந்தால் பயிற்சியாளர் பாபி ராஸ் ஏப்ரல் டிராஃப்ட்டில் வேறு ஆளைத் தேடியிருப்பார். சக ஆட்டக்காரர்களுக்கும் ஒரு வருஷம் வீணாகாமல் இருந்திருக்கும். மௌனமான ஆள் என்பது ஒரு குணம். அந்த மௌனத்துக்கு மற்றவர்கள் கொடுக்கும் விலை வேறு விஷயம். சாண்டர்ஸை மகான் ஆக்குகிற கட்டுரைகள் இதைத் தாண்டிப் போய்விடுகின்றன.

அணி நிர்வாகம் மட்டும் என்ன ஒழுங்கு. 1997இல் கொடுத்த 11 மில்லியன் டாலர் கையெழுத்துப் பணத்தில் 5.5 மில்லியனைத் திருப்பிக் கேட்டது. வேறு அணிக்கு விடவும் மறுத்தது. விவகாரம் தீர்ப்பாளரிடம் போய், பணத்தைத் தவணையாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று முடிந்தது. இதே அணியில் 2016இல் கால்வின் ஜான்சன் முப்பது வயதில் விலகியபோதும் பணத்தைத் திருப்பிக் கேட்டார்கள். சில வீடுகளில் வழக்கம் மாறாது.

சாண்டர்ஸ் விலகிய அந்த 1999இல், நவம்பர் 1 அன்று, வால்ட்டர் பேட்டன் ஈரல் நோயில் இறந்தார், 45 வயதில். அவர் இறந்தபோது அந்தச் சாதனை அவர் பெயரில்தான் இருந்தது. சாண்டர்ஸ் இன்னும் ஒரு வருஷம் ஆடியிருந்தால், பேட்டன் நோயில் கிடந்த அதே மாதங்களில் வாரா வாரம் டிவியில் இன்னும் எத்தனை யார்டு என்று எண்ணிக் காட்டியிருப்பார்கள். சாண்டர்ஸ் இதை நினைத்துத்தான் விலகினார் என்று நான் சொல்லவில்லை. நடக்காமல் போனதே என்று எனக்கு நிம்மதி, அவ்வளவுதான். 2002 அக்டோபரில் டாலஸின் எம்மிட் ஸ்மித் அந்தக் கணக்கைத் தாண்டினார், 2004 வரை ஆடி 18,355இல் நின்றார். 15 வருஷம், 4,409 ஓட்டம். ஸ்மித்தைக் குறைத்துப் பேசுகிறவர்கள் டெட்ராய்ட்டில் நிறைய. நான் அந்தக் கட்சி இல்லை. அவ்வளவு முட்டு வாங்கிக்கொண்டு பதினைந்து வருஷம் எழுந்து வருவது சாதாரணக் காரியமா?

லண்டன் என்றேன் அல்லவா. இதை நான் கவனித்தது வெகுநாள் கழித்துத்தான். 1966 கோடையில், முப்பது வயதில், உச்சத்தில் இருந்த ஜிம் பிரவுன் விலகினார். அப்போது அவர் ஒரு படப்பிடிப்புக்காக லண்டனில் இருந்தார். முகாமுக்கு வராவிட்டால் அபராதம் என்று கிளீவ்லாந்து முதலாளி மிரட்ட, சரி, நான் வரவே இல்லை என்று அங்கிருந்தபடியே அறிவித்துவிட்டார். பிள்ளைப் பருவம் முழுக்க அப்பாவின் வாயால் ஜிம் பிரவுன் புராணம் கேட்டு வளர்ந்தவன், 33 வருஷம் கழித்து அதே ஜூலை மாதத்தில் அதே ஊருக்கு விமானம் ஏறுகிறான். தெரிந்து செய்திருக்க மாட்டார். தெரியாமல் செய்தது என்பதால்தான் எனக்கு இது இன்னும் பிடித்திருக்கிறது.

2004 ஆகஸ்ட்டில் ஓஹையோவின் கேன்டன் நகரத்தில் ஹால் ஆஃப் ஃபேம் விழா. மகனை அறிமுகப்படுத்த அப்பா வில்லியமே மேடை ஏறினார். அவர் வைத்திருந்த தரவரிசை எல்லோருக்கும் தெரியும்: முதலில் ஜிம் பிரவுன், அடுத்து அப்பாவாகிய தானே, மூன்றாவது பேரி. 15,269 யார்டு ஓடியும் சொந்த வீட்டில் மூன்றாம் இடம். இப்படி ஒரு வீட்டில் வளர்ந்தவனுக்குப் பட்டியலில் முதலிடம் என்பது எவ்வளவு பெரிய விஷயமாக இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

பான்டியாக் சில்வர்டோமை நான் இருந்த காலத்திலேயே கைவிட்டிருந்தார்கள். எம்-59 சாலையில் அலுவலகத்துக்குப் போகும்போது அதைத் தாண்டித்தான் போவேன். காற்றழுத்தத்தில் நின்ற துணிக்கூரை கிழிந்து தொங்கிக்கொண்டிருந்தது. 2017 டிசம்பரில் வெடி வைத்தார்கள். முதல் நாள் வெடித்தும் விழவில்லை, மறுநாள் மறுபடி வைக்க வேண்டியிருந்தது. இப்போது அந்த இடத்தில் அமேசான் கிடங்கு. இன்றைய மைதானம் டெட்ராய்ட் நகருக்குள்ளே இருக்கும் ஃபோர்ட் ஃபீல்ட். 2023 செப்டம்பரில் அதன் வாசலில் சாண்டர்ஸுக்குச் சிலை வைத்தார்கள். பெரியவர் பக்கத்தில் நின்று எடுத்த படத்தை எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். ஊன்றுகோலோடு நின்றார். சிலையைவிடக் குள்ளமாகிவிட்டார்.

அந்தப் படத்தைப் பார்த்ததும் எனக்கு ஞாபகம் வந்தது, பெயர் எழுதாத அந்த இரண்டாவது கேசட்.

2014இல் ஊருக்குத் திரும்புவதற்கு முன்னால் சொல்லிக்கொண்டு வர அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். அதில் என்னதான் இருக்கிறது என்று கேட்டேன். கொஞ்சம் தயங்கினார், பிறகு போட்டார். 1994 டிசம்பர் 31, கிரீன் பே, பிளேஆஃப் ஆட்டம். அந்தப் பருவத்தில் 1,883 யார்டு ஓடியவர் அன்று 13 தடவை ஓடி எடுத்தது மைனஸ் 1. பூஜ்யம்கூட இல்லை. லயன்ஸ் 16-12 என்று தோற்றது. ஒவ்வொரு தடவையும் பந்தை வாங்குகிறார், திரும்புகிறார், வழி இல்லை, பின்னால் போகிறார், அங்கேயும் வழி இல்லை, நான்கு பேர் மேலே விழுகிறார்கள்.

எதற்கு இதை வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"ஓட்டத்தைப் பார்க்காதே. முடிந்த பிறகு பார்" என்றார்.

குவியலுக்கு அடியிலிருந்து எழுந்தார் சாண்டர்ஸ். யாரையும் முறைக்கவில்லை, தன் லைன்மேன்களைப் பார்த்துக் கையை விரிக்கவில்லை. சுற்றும் முற்றும் பார்த்து நடுவர் எங்கே என்று தேடி, நடந்து போய்ப் பந்தைக் கொடுத்தார்.

பெரியவர் ரிமோட்டை எடுத்து அந்த இடத்தை மறுபடி ஓட்டினார்.